பழைய சாலையை நான் விரும்பிய காரணம்

கோலகங்சாரிலிருந்து ஈப்போவுக்கு வர இரண்டு வழிகள். ஒன்று நெடுஞ்சாலை. அது மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள் நுழைந்து, மறுபக்கம் வெளியே வந்து, ஜெலாப்பாங்கை நோக்கிச் சரிவில் இறங்கிவிடும். இன்னொன்று சுங்கை சிப்புட், சிம்மோர் வழியாக வரும் பழைய சாலை. பள்ளிக்கூடம், பசார், கோயில், சமிக்ஞை விளக்கு என்று எல்லாவற்றிடமும் நின்று நலம் விசாரித்துவிட்டுத்தான் அது ஈப்போ வந்து சேரும். பணி ஓய்வு பெற்று ஈப்போவில் குடியேறிய கொஞ்ச நாளிலேயே நான் பழைய சாலைக்கு மாறிவிட்டேன்.

ஏன் என்று கேட்டவர்களுக்கு ஒரே பதில் வைத்திருந்தேன். அந்த வழியில்தான் நானும் அக்காவும் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டம் இருக்கிறது. பதில் பொய்யில்லை. சுங்கை சிப்புட்டுக்கும் சிம்மோருக்கும் இடையில், சாலையிலிருந்து பார்த்தாலே தெரியும். பால்மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டுவிட்டார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் இருந்த மேட்டில் ஒரு வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. மிச்சமிருப்பது கோயிலும், ஆபீஸ் கட்டடத்துக்கு ஏறிய நான்கைந்து கல் படிகளும்தான். படிகள் இப்போது எங்கேயும் ஏறவில்லை. இதைப் பற்றி நான் வேலை பார்த்த நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரைகூட எழுதினேன். படித்தவர்கள் தங்கள் தோட்டங்களைப் பற்றி நீண்ட கடிதங்கள் அனுப்பினார்கள்.

உண்மையான காரணம் சுரங்கம்.

முதல் தடவை அது வந்த நாளில் எந்தச் சிறப்பும் இல்லை. மழை இல்லை, நெரிசல் இல்லை, வீட்டில் சண்டை இல்லை. தைப்பிங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். சுரங்கத்தின் வாய் தெரிந்ததும் உள்ளங்கை ஈரமானது. உள்ளே நுழைந்த பிறகு நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் வானொலிச் சத்தம் காதில் ஏறவில்லை. விரல் நுனிகள் மரத்துப்போயின. இப்போது இங்கேயே விழப்போகிறேன் என்று உறுதியாகத் தெரிந்தது. விழவில்லை. வெளியே வந்து ஜெலாப்பாங் சரிவில் இறங்கும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

மருத்துவர் நெஞ்சில் கம்பிகளை ஒட்டிப் பார்த்தார், இரத்தம் எடுத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லை என்றால் வந்தது என்ன என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். பத்திரிகை மேசையில் உட்கார்ந்து மற்றவர்கள் எழுதியதை வெட்டித் திருத்தியே வாழ்க்கையைக் கழித்தவன் நான். ‘யார்’, ‘எங்கே’, ‘எப்போது’ எல்லாம் இருந்து, ‘ஏன்’ மட்டும் விடுபட்ட செய்தி வந்தால் நிருபரை மறுபடியும் தொலைபேசியை எடுக்கச் சொல்வேன். என் விஷயத்தில் தொலைபேசியில் அழைத்துக் கேட்க ஆளில்லை.

பிறகு அது சின்னச் சின்ன இடங்களிலும் எட்டிப் பார்த்தது. வீட்டுத் தொலைபேசி அடித்தால் எடுக்காமல், ஓயும்வரை பார்த்துக்கொண்டு நிற்பேன். வங்கியில் என் எண் நெருங்கும்போது எழுந்து வாசல் பக்கம் போய் நிற்பேன். வெளியே கிளம்பி முனை திரும்பிய பிறகு அடுப்பை அணைத்தோமா என்று திரும்பி வருவேன். அடுப்பு எப்போதும் அணைந்தே இருக்கும். சட்டைப் பையில் ஒரு சின்ன டப்பா வைத்துக்கொண்டேன். அதில் அசாம் என்று நாங்கள் சொல்கிற, உப்புப் போட்டுக் காயவைத்த புளிப்புப் பழம். நாக்குக்கு அடியில் ஒன்றை அடக்கிக்கொண்டால் வாய் சுருங்கும். கவனம் அங்கே போய்விடும். பசாருக்கும் வங்கிக்கும் அது போதும். சுரங்கத்துக்குப் பழைய சாலைதான் மருந்து. யாரிடமும் சொல்லவில்லை. ஓய்வுபெற்றவர் பழைய நினைவில் சுற்றுகிறார் என்றால் எல்லாரும் ஏற்றுக்கொள்கிறார்கள். சுரங்கத்தைக் கண்டால் பயம் என்றால் காரணம் கேட்பார்கள்.

என் அக்கா கோலகங்சாரில் மகள் வீட்டில் இருக்கிறார். இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், கண்ணுக்குப் போய்விட்டது. இடது கண்ணில் நிழல் மட்டும்தான் தெரிகிறது. வலது கண்ணைக் காப்பாற்ற மாதம் ஒருமுறை ஈப்போ ஆஸ்பத்திரியில் கண்ணுக்குள் ஊசி போடுகிறார்கள். ஒரு மாதம்கூடத் தவறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகளுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அதனால் கூட்டிவருவதும் கொண்டுபோய் விடுவதும் என் பொறுப்பாகியது. நானேதான் கேட்டு வாங்கிக்கொண்டேன். படிக்க நான் தோட்டத்தை விட்டுப் போன பிறகு, அக்காவும் நானும் தொடர்ந்து ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது கல்யாண வீடுகளில்தான்.

காரில் நான்தான் பேசுவேன். கோயில் கோபுரம் தெரிந்ததும் எனக்குள் ஏதோ திறந்துகொள்ளும். மாசி, பங்குனியில் பால்மர இலைகள் செம்பு நிறமாகி உதிர்ந்து, லயத்து வாசல் முழுக்கச் சரசரப்பது. வெயில் ஏறினால் காய்கள் படபடவென்று வெடித்து, கொட்டைகள் தகரக் கூரையில் வந்து விழுவது. புகை வீட்டிலிருந்து வரும் ரப்பர் ஷீட் வாடை துவைத்த சட்டையிலும் போகாமல் இருப்பது. வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கூப்பிடும் மணி அடிப்பதற்கு முன்பே ஒவ்வொரு வீட்டிலும் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்து, மேட்டிலிருந்து பார்த்தால் லயம் நீளமாக ஒரு ரயில் நிற்பது போல் தெரிவது. இதையெல்லாம் சொல்லிக்கொண்டே ஓட்டுவேன். அக்கா சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். முகம் அமைதியாக இருக்கும். தோட்டத்தைத் தாண்டி சிம்மோர் கடைகள் வந்த பிறகுதான் விழிப்பார். ‘தோட்டத்தைக் கடக்கையில் அக்கா கண்களை மூடி அந்தக் காலத்துக்கே போய்விடுகிறார்’ என்று ஞாயிறு கட்டுரையில் எழுதினேன்.

சென்ற ஆண்டு ஒரு காலை, அக்காவை ஏற்றிக்கொண்டு வழக்கம்போல் வந்தேன். சுங்கை சிப்புட்டுக்குச் சற்று முன்னால் வண்டிகள் நின்றன. செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று குறுக்கே சாய்ந்து கிடந்தது. குலைகள் இரண்டு பக்கமும் உருண்டிருந்தன. போலீஸ்காரர் ஒவ்வொரு வண்டியாக வந்து, பளுதூக்கி வண்டி வர மதியமாகும், திரும்பிப் போய் நெடுஞ்சாலையைப் பிடியுங்கள் என்றார். ஆஸ்பத்திரியில் பத்து மணிக்குப் பதிவு முகப்பை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு போனால் அடுத்த மாதம்தான்.

“அப்ப ஹைவேல போலாம்லா, தம்பி. சுருக்கா போயிறலாம்” என்றார் அக்கா.

வேறு என்ன சொல்வது? திருப்பினேன். கோலகங்சார் வரை வந்து நெடுஞ்சாலையில் ஏறினேன். அதில் ஏறிவிட்டால் ஈப்போ வரும்வரை இறங்க வழியில்லை. மலை ஏற ஏற வாயில் அசாமை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டேன். சுரங்கம் வரப்போவதைச் சொல்லும் பலகை வந்தது. விரல் நுனிகள் மரத்தன. இடது பக்கம் ஒதுக்கி, அவசரத் தடத்தில் நிறுத்தி, விளக்குகளைச் சிமிட்ட விட்டேன். கனத்த லோரிகள் கடக்கும்போதெல்லாம் கார் ஆடியது.

“ஏன் நிறுத்திட்டே?”

“என்ஜின் சூடாயிருச்சிக்கா.”

அக்கா கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தார். பார்வை குறைந்த பிறகு அவருக்குக் காது கூர்மையாகிவிட்டது. “என்ஜினு ஒழுங்காத்தான் ஓடுது. நீதான் மூச்சு வாங்குற.”

சொல்லிவிட்டேன். கல்யாணத்திலிருந்து திரும்பிய நாள், மருத்துவர், தொலைபேசி, அடுப்பு எல்லாவற்றையும். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னேன். அக்கா சாமி பெயர் எதையும் சொல்லவில்லை. தைரியமாக இரு என்றும் சொல்லவில்லை. எத்தனை வருடமாக என்று மட்டும் கேட்டார். நாலைந்து வருடமாக என்றேன்.

“அதுக்கா என்னை மாசா மாசம் அந்தப் பழைய ரோட்டுல போட்டு உருட்டுனே?”

தோட்டத்தைப் பார்க்கவும் பிடிக்கும் என்று முணுமுணுத்தேன்.

“உனக்குப் பிடிக்கும்லா. உனக்கு அது வெளையாண்ட எடம். எனக்கு வேலை செஞ்ச எடம். கொசுவும் அட்டையும் கையெல்லாம் பால் நாத்தமும். அதுல பார்க்க என்னா இருக்கு? கோயிலு வந்ததும் நீ கதைய ஆரம்பிச்சிருவே. அதான் கண்ண மூடிக்கிறது.”

“தூங்கலையா?”

“அந்தக் குண்டுகுழி ரோட்டுல எவன் தூங்குவான்?”

பத்திரிகையில் அச்சான என் வாக்கியம் நினைவுக்கு வந்தது. நேரில் பார்த்ததை எழுதியதால் யாரிடமும் கேட்டு உறுதிப்படுத்தத் தேவையில்லை என்று விட்டிருந்தேன். எனக்குப் பிடிக்கும் என்று அவர் பொறுத்துக்கொண்டு வந்திருக்கிறார். அவருக்கும் பிடிக்கும் என்று நான் கூட்டிப்போயிருக்கிறேன். இருவரையும் அந்தச் சாலைக்கு அனுப்பியது இந்தச் சுரங்கம்.

அக்கா மணி கேட்டார். சொன்னேன். திரும்பிப் போக முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன்.

“அப்ப உள்ளதான் போவணும். மெதுவா போற லோரி ஒண்ணு வரட்டும், அது பின்னாலயே போ. போயிக்கிட்டே நம்ம லயத்த சொல்லு. மொத வீட்டுல இருந்து.”

“எதுக்கு?”

“நீதான சொல்லிக்கிட்டே இருப்பே. இன்னைக்கி நான் கண்ண தொறந்துகிட்டுக் கேக்குறேன். சொல்லு.”

மரப்பலகை ஏற்றிய லோரி ஒன்று மூச்சுத் திணறிக்கொண்டு ஏறி வந்தது. அதன் பின்னால் சேர்ந்துகொண்டேன். முதல் வீடு கங்காணி வீடு என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. ம், என்றார். அடுத்தது மாடு வளர்த்தவர் வீடு. அவர் மாடு நம் கத்தரிச் செடியைத் தின்றது என்றார் அக்கா. சுரங்கத்தின் நிழல் பானட்டில் ஏறியது. மஞ்சள் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே ஓடின. மூன்றாவது, ரப்பர் பால் லோரி ஓட்டியவர் வீடு. நான்காவது, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயா. முன்னால் போகும் லோரியின் பின்விளக்கை மட்டும் பார்த்து ஓட்டினேன்.

“அஞ்சாவது?”

“பூசாரி வீடு.”

“பூசாரி வீடா? உன் மண்டை. பூசாரி வீடு கடைசில, பைப்புகிட்ட.”

பைப்புக்குப் பக்கத்தில் நம் வீடுதான் இருந்தது என்றேன். அக்காவின் குரல் உயர்ந்தது. “பைப்புகிட்ட இருந்தா நான் ஏன்டா அவ்ளோ தூரம் வாளி தூக்குனேன்? பால் வெட்டுக்குப் போறதுக்கு முன்னால தண்ணி பிடிக்கணும். எப்பப் போனாலும் பூசாரி பொண்டாட்டி வாளிதான் மொதல்ல நிக்கும். வீட்டு வாசல்லயே பைப்பு, அவளுக்கு என்னா? நீ தண்ணி தூக்குனதே இல்ல, அதான் பைப்பு உன் கதையில வாசலுக்கு வந்துருச்சி.”

விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. பைப்பின் சிமெண்டுத் தொட்டியில் நான் காகிதக் கப்பல் விட்டது கண்ணில் நிற்கிறது. அது மழைக்காலத்து வாய்க்கால் என்றார் அக்கா. தொட்டி என்றேன். வாய்க்கால் என்றார். லோரியின் பின்பக்கம் திடீரென்று வெளுத்தது. வெயில் கண்ணாடியில் விழுந்தது. கீழே சரிவும், அதற்கு அப்பால் சுண்ணாம்பு மலைகளும் தெரிந்தன. அக்கா இன்னும் பூசாரி மனைவியை விடவில்லை.

பயம் போய்விட்டது என்று எழுதினால் அது தவறான செய்தி. ஜெலாப்பாங் வரும்வரை அந்த லோரியை முந்தத் துணியவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஆனால் பதிவு முகப்பு மூடுவதற்கு முன் போய்ச் சேர்ந்தோம். அக்காவுக்கு ஊசி போட்டார்கள்.

வெளியே வந்ததும், வலது கண்ணில் வெள்ளைத் துணி ஒட்டிய அக்காவைக் கைப்பிடித்து முகப்புக்கு அழைத்துப் போனேன். அடுத்த மாதம் எட்டரை மணிக்கு வரவேண்டும் என்றார் தாதி. அக்கா நல்ல மலாயில், பதினொரு மணிக்குப் போட முடியுமா என்று கேட்டார். ஏன், வீடு தூரமா என்றார் தாதி. வீடு பக்கம்தான், என் டிரைவர் கம்பம் கம்பமாக, ஊர் ஊராகச் சுற்றி வருவார் என்றார் அக்கா. தாதி என்னைப் பார்த்துச் சிரித்தார். இனிமேல் ஊசிகள் எல்லாமே எட்டரை மணிக்குத்தான் என்று வருத்தம் தெரிவித்தார். எட்டரைக்கு வந்து சேர, பள்ளிக்கூட நெரிசலும் தொழிற்சாலைப் பேருந்துகளும் அடைத்து நிற்கும் பழைய சாலை உதவாது. எங்கள் இருவருக்கும் அது தெரியும்.

திரும்பும்போது எந்த வழி என்று கேட்டேன். அவசரமில்லை, உன் இஷ்டம் என்றார் அக்கா. லோரியை அகற்றியிருப்பார்கள் என்று பழைய சாலையைப் பிடித்தேன். சிம்மோர் தாண்டிக் கோபுரம் தெரிந்தது. படிகள் கடந்தன. செம்பனை வரிசைகள் கடந்தன. அவ்வளவு நேரம் வாய் மூடி அந்த இடத்தை நான் பார்த்ததே இல்லை. மேட்டில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள்.

“என்னா, சத்தத்தையே காணோம்?”

“நீ ஓய்வு எடுக்கணும்னுதான்க்கா.”

“நல்லது. கதைய இங்கயே எறைச்சிறாதே. ரெண்டாவது லயம், ஆபீசு, பள்ளிக்கூடம் எல்லாம் பாக்கி இருக்கு. அந்தப் பொந்துக்குள்ள போறப்ப வேணும்ல.”

சரி என்றேன். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் நின்றது புளியமரமா, மாமரமா என்று கேட்க நினைத்தேன். அதையும் சுரங்கத்துக்கு என்று எடுத்துவைத்துக்கொண்டேன்.