சாய்ந்த வீட்டுக்கு வாங்கிய கடன்

கிள்ளானில் நான்கு பசுக்களை வைத்துப் பால் ஊற்றிப் பிழைத்த இராஜம்மா, பெருவெள்ளம் வடிந்த மறுவருடம் வீடு வாங்கப் போவதாகச் சொன்னாள். அவள் குடியிருந்த ரயில்வே லயத்துப் பெண்கள் சிரித்தார்கள். வீட்டைப் பார்த்த பிறகு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். பலகை வீடு, பின்பக்கத் தூண்கள் சாய்ந்து, கூரை ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரர், வேலை முடிந்து யாழ்ப்பாணம் திரும்பவிருந்த ஆபீஸ் கிராணி சீவரத்தினம் நிலத்தோடு ஐந்நூறு வெள்ளி கேட்டார். அவளிடம் முந்நூறு இருந்தது. மீதிக்கும் பழுது பார்க்கிற செலவுக்கும் வட்டிக்கு விடும் சபாபதி செட்டியாரின் கிட்டங்கிக்குப் போனாள்.

"நெலத்த நம்பி எரநூறு தரலாம். விழப்போற வீட்ட நம்பி ஒரு காசு தரமாட்டேன்" என்றார் செட்டியார்.

"வீட்ட நிமித்திட்டா?"

"நிமிந்த வீட்டுக்கு யாரு வேணாலும் தருவாங்க."

"அப்ப நெலத்துக்கு எரநூறு இப்பக் குடுங்க, பழுது பாக்குற காசு மொத்தமா வேணாங்கய்யா. தூணு நின்னதும் வந்து பாத்துட்டு நூறு குடுங்க. கூரை ஏறினதும் இன்னொரு நூறு."

"தூணு வாங்கக் காசு?"

"ஒரு மாட்ட விக்கிறேன்."

செட்டியார் கணக்கேட்டை எடுத்தார். "கடன் அடையற வரைக்கும் நெலத்துப் பட்டா, அந்த கிராண்ட், எங்கிட்ட இருக்கும்."

"பத்திரமா வச்சிருங்க."

பத்திரம் முடிந்து வேலை தொடங்கியது. பின்சுவரைப் பிரித்த தச்சர், விட்டத்தையும் கறையான் தின்றிருப்பதைக் காட்டினார். தண்டவாளத்தில் வேலை பார்த்த அவள் கணவன் நாகையா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

"வந்த வெலைக்குத் தள்ளிவிட்டுடுவோம் புள்ளே."

"ஒத்த விட்டத்துக்காக வீட்டையே விடறதா? எந்திரிங்க, தச்சருக்குத் தேத்தண்ணி வாங்கியாங்க."

மறுநாளே இரண்டாவது மாட்டையும் விற்றாள். செட்டியார் வந்து தூண் தூணாகக் குடைக்காம்பால் தட்டிப் பார்த்து நூறு கொடுத்தார். கூரை ஏறியபோது ஏணியில் தானே ஏறி, புது விட்டத்தைத் தடவிப் பார்த்துவிட்டு அடுத்த நூறையும் கொடுத்தார். முன்னறைகள் இரண்டையும் ஒரு வாத்தியார் குடும்பம் எடுத்துக்கொண்டது. அந்த வாடகை வட்டிக்குச் சரியாகப் போனது.

நான்கு வருடத்தில் நாடெங்கும் தொழில் மந்தம் வந்தது. நாகையாவின் பேரை வேலையிலிருந்து அடித்துவிட்டார்கள். லயம் காலியானது, அரசாங்கம் விட்ட இலவசக் கப்பலில் ஆட்கள் கூட்டம் கூட்டமாக ஊருக்குப் போனார்கள்.

"நாமளும் கப்பலுக்குப் பேரு குடுப்போமா?" என்றான் நாகையா.

"மாடு ரெண்டு கறக்குது, வாடகை வருது. சொந்த வீட்ட வச்சிக்கிட்டு எதுக்குக் கப்பலேறணும்?"

அன்று முதல் பால் ஊற்ற அவனும் கிளம்பினான். அசலை அடைத்துக் கிராண்டை மீட்க இன்னும் நான்கு வருடம் பிடித்தது.

"இனி என்ன செய்யப் போறே?" என்று செட்டியார் கேட்டார்.

"பக்கத்து வீட்டுக் கூரையும் ஒழுகுது அய்யா. வெலை கேட்டு வச்சிருக்கேன்."