மாமிக்குப் புரியாத ஸ்லொப்பி ஜோ

"இண்டைக்கு நான்தான் சமையல். குசினிக்குள்ள ஒருத்தரும் வரவேண்டாம்" என்று காலையிலேயே மனைவியிடம் பெருமையடித்தேன்.

லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் கொத்திறைச்சி வாங்கி, தக்காளிச் சோஸில் பதமாக வேகவைத்து, பன்னுக்குள் நிரப்பினேன். அமெரிக்க ஸ்லொப்பி ஜோ!

புறநகர் திரான்சியிலிருந்து சாப்பிட வந்த மாமி, பன்னுக்கு வெளியே வழிந்துகிடந்த இறைச்சியைப் பார்த்தார்.

"தம்பி, இறைச்சி வைச்சுச் சுத்தின ரோல்ஸ் பொரிக்கேக்க வெடிச்சுப் போச்சோ?"

"இல்லை மாமி, இது இப்பிடித்தான் வழிய வேணும்."

மாமி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பரவாயில்லை தம்பி, எனக்கும் முதல்முறை வெடிச்சதுதான். ருசி நல்லாயிருக்கு, இன்னொண்டு வையுங்கோ."

மனைவி சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தாள். மாமி இன்னொன்று கேட்ட மகிழ்ச்சியில் நான் சரணடைந்தேன்.

"ஓம் மாமி, வெடிச்சுப் போச்சு."

"வாற ஞாயிறு வடிவாச் சுத்துங்கோ. என்ர தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வாறன்."

நான் வாழ்நாளில் ஒரு ரோல்ஸ்கூடச் சுற்றியதில்லை. சுற்றத் தெரிந்தவர்கள் உடனே என் முகநூல் உள்பெட்டிக்கு வரவும். மனைவிக்குத் தெரிய வேண்டாம்.