மணவாளன் சார் மெல்பர்ன் போன கதை

மணவாளன் சார் ஒரு துடைப்பம் வாங்குவதற்குக்கூட மூன்று கடையில் விலை கேட்டுக் கொட்டேஷன் வாங்குவார். மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம், அந்தத் துடைப்பத்துக்காகக் காத்திருந்தவளே நான்தான். காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பம்புசெட் செய்யும் கம்பெனியில் அவர் பர்ச்சேஸ் ஆபீசர், நான் ஸ்டோர்ஸ். இருபத்திரண்டு வருடம் அவர் வாங்கியதை நான் எண்ணி அடுக்கினேன். அவர் வாங்காமல் விட்டதற்கு நான் திட்டு வாங்கினேன்.

ரிட்டயர் ஆனபோது மாலை போட்டு அனுப்பினோம். சனியன் விட்டது என்று நினைத்தேன். எங்கே விட்டது? இரண்டு பேருக்கும் ஊர் செவ்வாப்பேட்டை, அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரே ஒரு தெரு.

அவருடைய ஒரே மகள் பூமிகா புருஷனோடு மெல்பர்னில் இருக்கிறாள். ஏப்ரல் மாதம் அவள் உண்டாகியிருக்கும் சேதி வந்தது. டிசம்பரில் பிரசவம், நவம்பரிலேயே அப்பா அம்மா இரண்டு பேரும் வந்துவிட வேண்டும், டிக்கெட் நாங்கள் போடுகிறோம் என்றாள். சார் மனைவி சந்திரகலா அன்றைக்கே பிரசவ லேகியத்துக்குச் சுக்கு வாங்கக் கிளம்பிவிட்டாள். மணவாளன் சார் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "பிளைட்டுன்றது இன்னான்னு தெரியாம எப்படிம்மா ஏறி குந்துறது? மொதல்ல ஸ்டடி பண்ணணும்" என்றார்.

மாப்பிள்ளை சரவணன் நல்ல பையன். வாய்தான் சும்மா இருக்காது. "கம்ப்யூட்டர்லயே பிளைட்டு ஓட்டலாம் மாமா. சிமுலேட்டருன்னு பேரு. அசல் விமானம் மாதிரியே இருக்கும். ஓட்டிப் பாத்தா பழகிடும்" என்று போனில் சொல்லிவிட்டான். அதற்கு நல்ல கம்ப்யூட்டராக வாங்க வேண்டும் என்றும் சொன்னான். வாங்க வேண்டும் என்ற வார்த்தையை யாரிடம் சொல்கிறோம் என்று அவனுக்குத் தெரியவில்லை, பாவம்.

மே மாதம் மின்சார ரயிலேறி, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். முதல் கடைக்காரன் ப்ராசஸர்தான் முக்கியம் என்றான். இரண்டாவது கடைக்காரன் கிராஃபிக்ஸ் கார்டுதான் எல்லாமே, மற்றதெல்லாம் சும்மா என்றான். மூன்றாவது கடை ஆகாஷ் என்ற பையனுடையது. அவன், "இந்தக் கார்டு போட்டீங்கன்னா பிளைட்டு தாறுமாறா ஓடும் சார்" என்றான்.

"தாறுமாறா ஓடக் கூடாதுப்பா. நேரா ஓடணும்" என்றார் சார், முகத்தில் ஒரு சிரிப்புகூட இல்லாமல்.

லெட்டர்பேடில் கொட்டேஷன் கேட்டார். அந்த விலை முப்பது நாள் செல்லும் என்று எழுதித் தரச் சொன்னார். "காலைல ரேட்டு சாயங்காலம் இருக்காது சார், நீங்க முப்பது நாள்ன்றீங்க!" என்று ஆகாஷ் தலையில் கை வைத்துக்கொண்டான். சார் விடவில்லை, டெஸ்ட் சர்டிபிகேட் உண்டா என்று கேட்டார். எனக்கு அங்கேயே எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

வீட்டுக்கு வந்து பதினான்கு கட்டம் போட்டு ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்தார். ரேம் முப்பத்திரண்டா, அறுபத்து நாலா? மானிட்டர் நேரா, வளைவா? கையில் பிடிப்பது ஸ்டிக்கா, ஸ்டியரிங்கா? காலுக்குப் பெடல் உண்டா? திரையில் ஒரு நொடிக்கு முப்பது படம் ஓடினால் போதுமா, அறுபது வேண்டுமா என்று ஒரு வாரம் குழம்பி, கடைசியில் மாப்பிள்ளைக்கே போன் போட்டார். "நெஜ பிளைட்டுல ஒரு செகண்டுக்கு எத்தினி படம் மாப்ள?"

மாப்பிள்ளை போனைப் பூமிகாவிடம் கொடுத்துவிட்டானாம்.

பட்டியல் முடிய ஜூலை ஆனது. ஆர்டர் கொடுக்கப் போன அன்றைக்கு ஆகாஷ் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "அடுத்த மாசம் புது கார்டு வருது சார்" என்றான். தொலைந்தது. பட்டியல் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது. புதுக் கார்டு வந்தபோது அதற்குப் பவர் சப்ளை போதாது என்றார்கள். பவர் சப்ளை பெரிதானால் கேபினெட் பெரிதாக வேண்டும், கேபினெட் பெரிதானால் மேசையில் நிற்காது. ஆகஸ்ட் போய் செப்டம்பரும் போனது. மெல்பர்னில் பூமிகாவுக்கு வளைகாப்பு நடத்தி, நம் ஊர் வளையல் கிடைக்காமல் பிளாஸ்டிக் வளையல் போட்டார்கள். இங்கே இவர் மேசைக்குக் கொட்டேஷன் வாங்கிக்கொண்டிருந்தார்.

அக்டோபரில் சந்திரகலா என்னைக் கூப்பிட்டாள். "டிக்கெட்டு வந்துடுச்சி ஈஸ்வரி. நவம்பர் இருபது. இந்த மனுசன் இன்னும் கம்ப்யூட்டர் பொட்டி வாங்கிக்கினே கீறாரு. நீ வந்து நாலு வார்த்தை கேளு. எனக்கு ஒரே பேஜாரா கீது."

போனேன். யூபிஎஸ் விவரம் எழுதிய காகிதங்களை மடியில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எதுக்கு சார் யூபிஎஸ்? கரண்ட்டு போனா ஸ்க்ரீனு அணையும், அவ்ளோதானே?"

"நடு வானத்துல கீறப்ப போனா?"

"நடு வானத்துல போனா நீங்க நாற்காலில குந்திக்கினு இருப்பீங்க சார். செவ்வாப்பேட்டைல."

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியின் இரண்டு கைப்பிடியையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. இந்த ஆள் ஆறு மாதமாகக் கம்ப்யூட்டர் தேடவில்லை. விமானத்தில் ஏறாமல் இருக்க வழி தேடிக்கொண்டிருக்கிறார்.

வாசலில் சந்திரகலாவிடம் மெதுவாகச் சொன்னேன். "எனக்குத் தெரியாதா?" என்றாள். "கல்யாணமான புதுசுல தீவுத்திடல் பொருட்காட்சில ராட்டினத்துல ஏறச் சொன்னேன். தலைய சுத்துதுன்னு டெல்லி அப்பளம் வாங்கிக் குடுத்து இட்டுக்கினு வந்துட்டாரு. வாயத் தொறந்து பயம்னு சொல்லட்டுமே, கையப் புடிச்சி இட்டுக்கினு போறேன். சொல்ல மாட்டாரு."

நவம்பர் பதின்மூன்றாம் தேதி கம்ப்யூட்டர் வந்தது. ஆகாஷே வந்து பூட்டிக் கொடுத்தான். பெட்டிக்குள் கலர் கலராக விளக்கு எரிந்தது, ஆடி மாதத்து அம்மன் கோயில் போல. சார் விமானத்தை மீனம்பாக்கம் ஓடுதளத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். கிளம்பும் நாள்வரை தரையிலேயே ஓட்டினார். ஆகாஷ் ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு, "சார், இது பிளைட்டு சார், ஷேர் ஆட்டோ இல்ல. தூக்குங்க" என்று கெஞ்சினான். இன்ஜின் சூடேறட்டும் என்று பதில் வந்தது.

இருபதாம் தேதி சாயங்காலம் நானும் கூடப் போனேன். ஏர்போர்ட் வாசல்வரை டிராலியைத் தள்ளிக்கொண்டு வந்தவர், அங்கே நின்றுவிட்டார். "கம்ப்யூட்டர்ல இன்னும் கொஞ்சம் பாக்க வேண்டியிருக்கு. நீ முன்னால போ. நான் அடுத்த வாரம் வரேன்."

சந்திரகலா அவர் கைப்பையிலிருந்து தன் பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டாள். திருப்பதிக்குக்கூடத் தனியாகப் போகாதவள், லேகிய டப்பாவை மார்போடு அணைத்தபடி உள்ளே போனாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அந்த ஆளைப் பளாரென்று ஓர் அறை விடலாம் போலிருந்தது.

மறுநாள் மத்தியானம் ஒரு மணிக்கு என் போன் அடித்தது. சரவணன்.

"ஆன்ட்டி, மூணு வாரம் முன்னாடியே பூமிக்கு வலி வந்துடுச்சி. ஆபரேஷன்றாங்க. அப்பாகிட்ட பேசிட்டுத்தான் உள்ள போவேன்றா. அத்தை பிளைட்டுல இருக்காங்க, சரி. மாமா போன் ஏன் போகலை?"

செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன். கதவைத் தட்டினேன், இடித்தேன். ரொம்ப நேரம் கழித்துத் திறந்தார். கண் இரண்டும் கோவைப்பழம். நேற்று ராத்திரி சந்திரகலாவின் விமானம் கிளம்பிய நிமிடத்தில் இவரும் திரையில் கிளப்பியிருக்கிறார். சிங்கப்பூரில் அவள் காத்திருந்த நேரமெல்லாம் இவரும் காத்திருந்து, மறுபடியும் ஏறி, விடிய விடிய அவள் பின்னாலேயே ஓட்டியிருக்கிறார்.

"இன்னும் பத்து நிமிஷம் ஈஸ்வரிம்மா. மெல்பர்ன்ல எறங்கப் போறேன்."

"போன் எங்க சார்?"

"பிளைட் மோடுல போட்டிருக்கேன். ஓட்டுறப்ப போடணும்ல?"

இருபத்திரண்டு வருடம் சார் என்று கூப்பிட்ட வாயால், "யோவ்! உன் பொண்ணு ஆஸ்பத்திரில கீறாய்யா! உன்கிட்டப் பேசணும்னு கீறா! போனை ஆன் பண்ணு!" என்று கத்தினேன்.

மூன்று தடவை தப்பாக அழுத்தினார். நான் பிடுங்கிப் போட்டேன். சரவணன் எடுத்தான்.

"இப்பதான் மாமா உள்ள இட்டுக்கினு போனாங்க. அப்பா குரலக் கேட்டுட்டுப் போறேன்னு பத்து நிமிஷம் ஸ்ட்ரெச்சர நிறுத்தி வச்சிருந்தா. அதுக்கு மேல டாக்டர் ஒத்துக்கல."

சார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பின்னால் திரையில், ஓட்ட ஆளில்லாத விமானம் ஓடுதளத்துக்கு முன்னாலேயே புல்வெளியில் மூக்கைக் குத்தி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுபடியும் ஆரம்பிக்கலாமா என்று கேட்டு ஒரு பொத்தான் வந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முக்கால் மணி நேரம் இரண்டு பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். வாழ்க்கையில் அத்தனை நீளமான முக்கால் மணி நேரத்தை நான் பார்த்ததில்லை. அப்புறம் போன் வந்தது. பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம். சந்திரகலா இறங்கி நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டிருக்கிறாள்.

மணவாளன் சார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்கும் அழுகை வந்தது, கோபமும் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு வந்து என் எதிரில் நின்றார்.

"அடுத்த பிளைட்டுக்கு டிக்கெட்டு போடச் சொல்லணும். எனக்கு ரொம்ப பயமா கீது ஈஸ்வரிம்மா" என்றார். "ஏர்போர்ட்டு வாசல்ல நான் நின்னுட்டேன்னா, புடிச்சி உள்ள தள்ளி உட்டுடுவீங்களா?"