ரெண்டு நாலு

கும்மிடிப்பூண்டி உருக்காலையில் தரக் கட்டுப்பாட்டில் இருந்த காலம் முழுக்க, எந்த எண்ணைப் பார்த்தாலும் அதன் இலக்கங்களைக் கூட்டிப் பார்ப்பேன். ஒவ்வொரு வார்ப்புக்கும் ஒரு நீண்ட எண் உண்டு. கூட்டுத்தொகை மாறினால் எங்கோ ஓர் இலக்கம் தப்பாகியிருக்கிறது என்று பொருள். ஓய்வு பெற்ற பிறகும் அந்த வியாதி தீரவில்லை.

என் மனைவியின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. திருவள்ளூரில் ஒரு மருத்துவமனையில் பயாப்ஸிக்குச் சதை எடுத்தார்கள். அட்டையில் பன்னிரண்டு இலக்க எண்: 731850446520. முடிவு வர எட்டு நாள் ஆகும் என்றார்கள்.

அந்த எட்டு நாளும் செவ்வாப்பேட்டை வீட்டில் உட்கார்ந்து அந்த எண்ணைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். இலக்கங்களைக் கூட்டினால் நாற்பத்தைந்து. ஆகவே ஒன்பதால் வகுபடும். கடைசி மூன்று இலக்கம் 520. ஆகவே எட்டாலும் வகுபடும். பூஜ்யத்தில் முடிவதால் ஐந்தாலும். ஆக, முந்நூற்று அறுபதால் மீதியில்லாமல் போகிறது. ஈவாக வந்த பத்து இலக்க எண்ணை ஏழால், பதினொன்றால், பதின்மூன்றால் வகுத்தேன். மசியவில்லை. அடுத்த எண்ணால் வகுபட்டால் நல்ல சேதி என்று எனக்குள் ஓர் ஒப்பந்தம். படித்தவன் பார்க்கும் ஜோசியம் இப்படித்தான் இருக்கும்.

அறிக்கை வந்தது. புற்று இல்லை. மனைவி காகிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் எண்ணைக் கூட்டினேன். நாற்பத்து மூன்று. இன்னொரு தடவை கூட்டினேன். 44 இருக்க வேண்டிய இடத்தில் 24 இருந்தது.

“நல்லது வந்தா கூட கூட்டிக்கினே இருப்பீங்களா?” என்றாள்.

அறிக்கையில் பெயர் சரிதான். ஆனால் அந்தப் பெயரில் எங்கள் தெருவிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று நினைத்தேன், மறைப்பானேன். பிறகு சொன்னேன். அவள் காகிதத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

இருவரும் மருத்துவமனைக்குப் போனோம். ஆய்வக முகப்பில் இருந்த பெண் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“சார், அன்னிக்கு ஸ்கேனர் ஓடல. நம்பர நீங்கதான் படிச்சீங்க. ரெண்டு நாலுன்னீங்க. நான் ரெண்டு, நாலுன்னு அடிச்சேன். நாலு ரெண்டு வாட்டின்னு சொல்ல வந்தீங்களா?”

ஆமாம். எண்ணை ஒவ்வோர் இலக்கமாகத்தான் படிக்க வேண்டும் என்று ஆலையில் சுற்றறிக்கை போட்டவன் நான்.

கணினியில் தப்பு எப்படி வந்தது என்று தெரிந்துவிட்டது. அவர்கள் பார்த்த சதை யாருடையது என்பது இன்னும் தெரியவில்லை. அதே நாளில் அதே பெயரில் இன்னொரு அம்மாவும் வந்திருந்ததாகச் சொல்லிவிட்டு, புட்டியை எடுத்துவர அந்தப் பெண் உள்ளே போனாள். மனைவி என்னைப் பார்க்கவில்லை. பெஞ்சில் எங்களுக்கிடையே இன்னொருவர் உட்காரும் அளவுக்கு இடம் இருந்தது.

புட்டி வந்தது. அதன் மேல் நர்ஸ் அட்டையைப் பார்த்து எழுதிய எண், 44 தான். அதிலிருந்த ஆய்வக வரிசை எண்ணும் அறிக்கையின் அடியில் இருந்ததும் ஒன்றே. இரண்டையும் ஒவ்வோர் இலக்கமாக வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். அந்தப் பெண் பொறுமையாகப் படித்தாள்.

“அப்ப அது என்னுதுதானேம்மா?” என்று மனைவி கேட்டாள்.

“உங்களுதுதாம்மா.”

மனைவி எழுந்து வெளியே நடந்தாள். திருத்திய அறிக்கைக்கான விண்ணப்பத்தை நிரப்ப நான் பேனாவைத் திறந்தேன். எண்ணுக்கான கட்டம் வந்ததும் பேனாவை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். எண்ணை அவளே எழுதினாள்.