பீலித் தண்ணீரில் பச்சை

கலஹாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தம்பி வாந்தியும் பேதியுமாகக் கிடந்தபோது அவனுக்கு இரண்டு வயது. அம்மா அவனைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு தோட்டத்து மருந்துச்சாலைக்கு ஓடினார். அங்கே மருந்து கொடுப்பவரை எல்லோரும் டாக்டரய்யா என்பார்கள். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி அவர் சொன்னார்: "கை கழுவாமல் சோறு தீத்தினால் பிள்ளை எப்பிடித் தப்பும்? உங்கட ஆக்களுக்கு எத்தினை தரம் சொல்லுறது?"

தம்பி அன்று சாயங்காலமே போய்விட்டான். அதன் பிறகு அம்மா கை கழுவிக்கொண்டே இருந்தார். கொழுந்துக் கறை ஏறிய விரல்கள் வெடித்து இரத்தம் கசியும்வரை சவர்க்காரம் போட்டுத் தேய்ப்பார். பிள்ளையைத் தானே கொன்றுவிட்டதாக நம்பினார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்களும் அப்படியே நம்பினார்கள். எனக்கு அந்த மனிதரின் குரல் மறக்கவில்லை. மறந்துவிடக் கூடாது என்று அந்த வார்த்தைகளை அடிக்கடி மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன்.

வளர்ந்ததும் பஸ்ஸில் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் படித்தேன். பட்டம் பெற்றதும் அங்கேயே ஆய்வு செய்ய இடம் கிடைத்தது. தோட்டங்களின் குடிநீரை எடுத்துக்கொண்டேன். சமூகத்துக்குப் பயன்படும் ஆய்வு என்று சொன்னேன். அது பொய்யில்லை. ஆனாலும் அந்த டாக்டரய்யாவின் வாயை அடைக்க வேண்டும் என்பதுதான் முதல் காரணம். என் பேராசிரியை அதைக் கண்டுபிடித்துவிட்டார். "கோபம் இருக்கட்டும். அறிக்கையில் ஒரு சொல்லிலும் அது தெரியக் கூடாது. தெரிந்தால் உன் கோபத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள்" என்று சிங்களத்தில் சொன்னார்.

நாங்கள் குடிதண்ணீர் பிடிக்கும் பீலிக் குழாய்க்குத் தண்ணீர் வரும் ஊற்றுக்கு மேலே, அதே சரிவில், மேல் லயத்துக் கக்கூஸ் குழிகள் இருந்தன. மழை ஓய்ந்த ஒரு காலையில் கெடுதல் செய்யாத பச்சைச் சாயத்தைக் கரைத்துக் குழிகளில் ஊற்றிவிட்டுப் பீலியடியில் வந்து நின்றேன். குடத்தோடு வந்த பெண்களும் நின்றார்கள். மத்தியானத்துக்குப் பிறகு தண்ணீர் மெல்லப் பச்சையானது.

"ஐயோ, இதையா இத்தன வருசமா குடிச்சோம்?" என்று ஒருத்தி தலையில் கைவைத்தாள். அம்மா குடத்தைக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

அறிக்கை கண்டியில் ஒரு சுகாதாரக் குழுவுக்குப் போனது. அங்கே ஆலோசகராக உட்கார்ந்திருந்தவர் அதே டாக்டரய்யா. தலை நரைத்திருந்தது. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"கை கழுவச் சொல்லி நோட்டீஸ் அடிச்சுக் குடுத்தால் காணும்" என்றார்.

சாயம் இறங்கிய வழியை வரைபடத்தில் காட்டினேன். கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் என்னிடம் பதில் இருந்தது. ஊற்றுக்கு மேலே உள்ள கக்கூஸ்களை மாற்ற வேண்டும் என்று எல்லாத் தோட்டங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்ப முடிவானது. அதைத் தமிழில் எழுதும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். முதல் வரியாக இதை வைத்தேன்: "இந்த நோய்க்குக் காரணம் தாய்மாரின் அசுத்தம் அல்ல, தோட்டம் கொடுத்த தண்ணீர்." குழுவும் ஒப்புக்கொண்டது. எங்கள் தோட்டத்தில் அதை வாசிக்க, அங்கே வேலை பார்த்த ஐயாவே பொருத்தமானவர் என்றேன். அவருக்குப் பெருமையாகிவிட்டது.

"ஓம், வாறன்" என்றார்.

காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் கூட்டம். கதிரை போட்டு அம்மாவை முன்னால் உட்காரவைத்தேன். டாக்டரய்யா தாளை விரித்ததும் நான் எழுந்தேன்.

"என் தம்பி செத்த அன்னைக்கு ஐயா எங்கம்மாவப் பாத்து என்ன சொன்னாருன்னு பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும். இப்ப அவரு வாசிக்கிறதையும் கேளுங்க."

அவர் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். முணுமுணுப்பாக முதல் வரியை வாசித்தார்.

அம்மா எழுந்து நின்றார். "காதுல விழல. இன்னொருக்கா வாசிங்க."

டாக்டரய்யா நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு உரக்க வாசித்தார்.

திரும்பிப் போகும்போது பஸ் நிறுத்தத்தில் அவர் என் அருகே வந்தார். "அப்ப எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான், பிள்ளை. மனசில வைக்காதை."

"தெரியாததச் சொல்லாம இருந்திருக்கலாமே" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

அடுத்த மழைக்காலத்துக்குள் கக்கூஸ்கள் இடம் மாறின. மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டங்களிலும் மாற்றினார்கள். பேதி குறைந்துவிட்டதாகத் தகவல் வந்தபோது பேராசிரியை என் தோளைத் தட்டினார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்த மனிதர் வியர்க்க வியர்க்க வாசித்ததை நினைக்கும்போது வரும் சந்தோஷம் வேறு. அதை விட்டுக்கொடுக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.