வயரைப் பிடுங்கினால் அணைந்துவிடும்

என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி, வெளிநாட்டிலிருந்து திரும்பியபோது எனக்கென்று கொண்டுவந்தது ஒரு வீடியோ கேம். கைக்குள் அடங்கும், கூடவே ஒரு சார்ஜர். தொண்ணூறுகளில் ஆவடியில், பீரங்கி வண்டித் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் யாரும் அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்ததில்லை. வந்த அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாளே தகராறு தொடங்கிவிட்டது. வயர் சொருகியிருந்தால் ஓடும். பிடுங்கினால் திரை மங்கி, சின்ன முனகலோடு அணைந்துவிடும். எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டாலும் இதே கதை. டார்ச் செல்லை வெயிலில் காயவைத்து உயிர் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம் என்பதால், அம்மா அதையும் மொட்டை மாடியில் வடகத்துக்குப் பக்கத்தில் காயப்போட்டாள். சூடானதே தவிர குணமாகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். குவார்ட்டர்ஸில் ஒருவர் எதையாவது கழற்றினால் போதும், அக்கம்பக்கத்து ஆண்கள் லுங்கியோடு வந்து சூழ்ந்துகொள்வார்கள். வாரமெல்லாம் பீரங்கி வண்டியைப் பிரித்து மாட்டுகிறவர்கள். மிக்ஸியானாலும் ஆளுக்கொரு தீர்ப்பு வைத்திருப்பார்கள்.

"இன்னா மச்சான், ஃபாரின் சரக்கு படுத்துகினு கீது?" என்று எதிர்வீட்டுக்காரர் மாமாவைச் சீண்டினார். மாமா சிரிக்கவில்லை. நசரத்பேட்டையில் அவருக்குப் பெண் பேசியிருந்தார்கள். லீவில் வந்திருக்கும் வெளிநாட்டு மாப்பிள்ளையைப் பார்க்க, பெண்ணின் சித்தப்பா அன்று வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

மூடி திறந்தது. உள்ளே செல்கள் உப்பி, வெள்ளை பூத்து, தகடெல்லாம் பச்சையாகக் களிம்பேறிக் கிடந்தன. யாரோ பல வருடம் ஆடித் தீர்த்துவிட்டுத் தூக்கிப்போட்ட பொருள். எனக்கு அது புரியவில்லை. குனிந்து பார்த்த ஆண்களுக்குப் பார்த்த மாத்திரத்தில் புரிந்திருக்கும். அப்பா மாமாவை ஒருமுறை பார்த்தார். பிறகு மூடியைப் பொருத்தித் திருகாணியை முடுக்கினார்.

"ஒண்ணுமில்ல. நம்ம லைன்ல ஓல்டேஜ் கம்மி. அதான் சார்ஜ் ஏறல."

எதிர்வீட்டுக்காரர் யார் என்ன சொன்னாலும் மறுத்துப் பேசுகிறவர். அவரே, "ஆமா மாமே, ஒரு வாரமா டல்லாத்தான் கீது" என்றார். மற்றவர்களும் கரண்டைத் திட்டிக்கொண்டே கலைந்தார்கள். பெண்ணின் சித்தப்பா தலையாட்டிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். ஒரு பொம்மையைச் சரிசெய்யத் தெரியாத அப்பாவை நினைத்து எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

போன இடத்தில் சம்பளமே தராமல் மாமாவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்பதும், அக்கா பிள்ளை முன்னால் வெறுங்கையோடு நிற்கக் கூடாதென்று, தங்கியிருந்த அறையில் யாரோ கழித்துப் போட்டதைத் துடைத்து எடுத்து வந்தார் என்பதும் பல வருடம் கழித்து அம்மா சொல்லித்தான் தெரியும். பாவம், அந்தப் பெண்ணும் அவருக்கு அமையவில்லை.

அன்று மதியம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். நான்தான் பேச்சை ஆரம்பித்தேன்.

"மாமா, அடுத்த தபா போவசொல்லோ, நம்மூரு கரண்டுக்கு ஒத்துவர்ற மாதிரி ஒண்ணு வாங்கினு வா."

அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. அப்பா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

"சரி நைனா, வாங்கினு வரேன்" என்றார் மாமா. பாதிச் சாப்பாட்டில் எழுந்து கொல்லைக் குழாய்க்குப் போனார். தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. தொடாத அப்பளம் அவர் தட்டில் இருந்தது. எனக்காகத்தான் விட்டுப் போயிருக்கிறார் என்று எடுத்துத் தின்றேன்.