பின் சீட்டில் வைத்துவிட்டுப் போனேன்

என் மனைவி தவறிப்போன மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. காலையில் சுடுகாட்டில் பால் தெளித்து, எலும்பும் சாம்பலும் பொறுக்கிச் சின்ன மண்பானையில் போட்டு, வாயை வெள்ளைத் துணியால் கட்டிக் கொடுத்தார்கள். பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் ராயபுரம் கடலில் கரைத்துவிட வேண்டும் என்று ஐயர் சொல்லியிருந்தார். போகிற வழியில் அவரையும் அழைத்துக்கொள்ள வேண்டும்.

பானையை எங்கள் பழைய ஃபியட் காரின் பின் சீட்டில் வைத்து, உருளாமல் இருக்க அவளுடைய சேலை ஒன்றைச் சுற்றி அண்டக் கொடுத்தேன். முன்னால் என் பக்கத்தில் அவள் தம்பி. எங்களுக்குப் பிள்ளை இல்லை.

ஐயர் வீட்டுச் சந்துக்குள் கார் நுழையாது. மெயின் ரோட்டிலோ ஹார்பருக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும். ஓரமாக நிறுத்தினால் உரசிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் அந்தப் பக்கம் யாராக இருந்தாலும் காரைப் பிளாட்பாரத்தில் ஏற்றித்தான் விடுவோம். வருஷக்கணக்காக அப்படித்தான். அன்றைக்கும் ஒரு குடோன் சுவரை ஒட்டி நாலு சக்கரத்தையும் ஏற்றி நிறுத்தினேன்.

அஸ்தியோடு ஒரு வீட்டு வாசற்படி ஏறக் கூடாது. கடைக்குள்ளும் போகக் கூடாது. நான் நாள் கிழமை பார்க்கிறவன், இதெல்லாம் எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"நீ போய் பாலும் பூவும் வாங்கியா. நான் ஐயர கூட்டினு வரேன். அஞ்சு நிமிசம்" என்றேன் மச்சானிடம்.

"அக்காவ தனியா வுட்டுட்டா மாமா?"

"வடிவுடையம்மன் பாத்துப்பா. போடா."

கதவைப் பூட்டிக்கொண்டு போனேன்.

ஐயர் கிளம்பக் கால் மணி ஆயிற்று. நாங்கள் வந்து பார்த்தால், பால் பாக்கெட்டும் கையுமாக மச்சான் மட்டும் நின்றுகொண்டிருந்தான். கார் இல்லை. பக்கத்தில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்காமலே பேசினார்.

"இன்னா நைனா, வண்டிய தேடினுகீறியா? போலீசு தூக்கினு பூட்சி. யாரோ மந்திரி வராராம், ரோட்ட காலி பண்றாங்க. பிளாட்பாரம் இன்னா உங்க வூட்டு ஷெட்டா?"

"அதுக்குள்ள எங்க அக்கா அஸ்தி கீதுண்ணா" என்றான் மச்சான்.

அவர் டியூபைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "அட பாவமே. ஸ்டேஷன் பக்கத்து கிரவுண்டுலதான் வுட்ருப்பாங்க. ஆட்டோ புடி, போ" என்று அவரே கையைக் காட்டி ஓர் ஆட்டோவை நிறுத்தினார்.

ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்தரை தாண்டிட்டா, பன்னெண்டுக்கு மேல கரைச்சுடுங்கோ. சிவசிவான்னு சொன்னாலே போறும். நேக்கு இன்னொரு எடத்துல காரியம் இருக்கு." அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

கிரவுண்டு வாசலில் ஒரு கான்ஸ்டபிள். "ஆர்.சி. புக்கு, லைசன்ஸு எல்லாம் எடுத்துனு வந்து ஃபைன் கட்டு. எஸ்.ஐ. பந்தோபஸ்துக்கு போய்கீறாரு. வரட்டும்."

எங்கள் கார் இருபதடி தூரத்தில் நின்றது. என்ன இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. "சார், உள்ள ஒரு சாமான் கீது. அத மட்டும் எடுத்துக்கறேன் சார்" என்று கும்பிட்டேன்.

"இன்னா சாமான்? நகையா? ஒண்ணும் காணாம பூடாது, ஓரமா நில்லு."

இருபத்திரண்டு வருஷம் எனக்குச் சோறு போட்டவளைச் சாமான் என்றேன். மச்சான் என் முகத்தைக் கூடப் பார்க்காமல் விஷயத்தைச் சொன்னான்.

கான்ஸ்டபிள் இரண்டு அடி பின்னால் போனார். "யோவ், மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? வெள்ளிக்கெழம அதுவுமா. ஃபைனும் வேணாம், ஒண்ணும் வேணாம். வண்டிய எடுத்துனு கெளம்பு முதல்ல." அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தவர்களும் கிளாஸோடு அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள்.

முந்தின நாள்தான், சுமங்கலியாகப் போனவள் என்று தெருப் பெண்களெல்லாம் வரிசையில் நின்று அவள் காலைத் தொட்டுக் குங்குமம் வைத்துக்கொண்டு போனார்கள். ஒரு ராத்திரியில் அவளை எல்லாரும் விரட்டுகிற மாதிரி ஆகிவிட்டது. அந்தக் கான்ஸ்டபிள் மேல் எனக்குக் கோபம் பொங்கியது. கார் கதவைத் திறக்கிற வரைக்கும்தான் அந்தக் கோபம். வாசற்படி ஆகாது என்று அவளை முதலில் ஒதுக்கி வைத்தவன் யார்? பானையைக் கையில் ஏந்திக்கொண்டு சந்து முனையில் நின்றிருக்கலாம். ஐயரைக் கூப்பிட மச்சானை அனுப்பியிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை.

முன்பக்கத்தைத் தூக்கி இழுத்து வந்ததில் பானை சீட்டை விட்டு இறங்கிக் கீழே சாய்ந்து கிடந்தது. விளிம்பு உடைந்து, கட்டு நெகிழ்ந்து, ஒரு கைப்பிடி அளவு சாம்பல் கால்மிதி மேல் கொட்டியிருந்தது. மண்டி போட்டு விரலால் கூட்டிக் கூட்டி அள்ளினேன். செருப்பு மண் எது, அவள் எது என்று பிரிக்கத் தெரியவில்லை. எல்லாவற்றையும் சேர்த்தே உள்ளே போட்டுக் கட்டினேன்.

"மாமா, நான் ஓட்றேன். நீ அக்காவ வச்சுக்கோ" என்றான் மச்சான்.

கடற்கரைக்குப் போய்ச் சேரும்போது மணி பத்தே முக்கால். பன்னிரண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கரையில் கொட்டியிருக்கும் கருங்கல் ஒன்றில் உட்கார்ந்து பானையை மடியில் வைத்துக்கொண்டேன். வெயிலில் அது உடம்புச் சூடு மாதிரியே இருந்தது. மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் வாயில் வந்ததெல்லாம், கார் சாவியை எங்கே வைத்தேன், பால் கெட்டுப்போகுமே என்ற பேச்சுத்தான். வீட்டில் அவளிடம் பேசுகிற பேச்சு அதுதானே.

"நேரமாச்சு மாமா. வுட்டுட்டு திரும்பிப் பாக்காம வந்துரு."

இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சிவசிவா என்று விட்டேன். மேலே ஏறும்போது பின்னால் டொக்கென்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று தெரியும். திரும்பினேன். அலை கொண்டுவந்த பானை கல்லில் முட்டிக்கொண்டிருந்தது. மச்சான் தடுக்கத் தடுக்க மறுபடியும் இறங்கினேன். பானையை மார்போடு அணைத்துக்கொண்டு, இந்த முறை கழுத்தளவு தண்ணீர் வரைக்கும் கூடவே போய் விட்டுவிட்டு வந்தேன்.